தாய்மாமன் சீரும் ஒரு போர்க்கப்பலும்

கடல் இருக்கிற ஊரில் பிறந்தவர்கள் கப்பலைப் பற்றி அலட்டிக்கொள்வதே இல்லை. கப்பல் பைத்தியம் பிடிப்பதெல்லாம் என்னைப் போல விழுப்புரத்தில் பிறந்தவர்களுக்குத்தான். எங்கள் ஊரில் எல்லாம் உண்டு. எந்த ஊருக்கும் ரயில் மாறலாம், எந்த நேரத்திலும் பஸ் கிடைக்கும், கரும்பு உண்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உண்டு. தண்ணீரில் மிதப்பது என்று பார்த்தால் ஏரியில் எருமைதான். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, நூறு வருடத்துக்கு முந்தைய போர்க்கப்பல்களை ஆணி ஆணியாக ஒருவன் வரைந்துகொண்டிருந்தால் அவனை வீட்டில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவன் நான்தான். பகலில் ஒரு கட்டட இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைவேன். சாயந்திரமானால் கப்பல். ஒரு புகைபோக்கி, மேலே நாலு காக்கா, கீழே மூணு அலை என்று கிறுக்கிவிட்டு எழுந்துபோகிற ஆள் இல்லை நான். கப்பலின் உடம்பு எங்கே வளைகிறது, இரும்புத் தகடும் தகடும் சேருகிற இடத்தில் எத்தனை வரிசை ஆணி, நங்கூரச் சங்கிலி வெளியே வருகிற ஓட்டை எந்த ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது என்றெல்லாம் பழைய புகைப்படங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து வரைவேன். என்னைப் போன்ற கிறுக்கர்களுக்கென்றே இணையத்தில் ஒரு குழு இருந்தது. நான் எந்தப் படத்தைப் போட்டாலும் அதில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் முதல் ஆளாக வந்து, "பின்பக்கம் ஒரு ஜன்னல் கூடுதல்" என்று எழுதுவார். கோபத்தோடு எண்ணிப் பார்ப்பேன். கூடுதலாகத்தான் இருக்கும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

வீட்டில் இதற்கிருந்த மரியாதை வேறு. அம்மா ஒரு படத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல ஜனங்க யாருமே இல்லியாடா?" என்று கேட்டாள். அக்கா மலரின் கல்யாணத்துக்கு ஒரு கப்பல் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். திண்டிவனத்தில் அவள் புகுந்த வீட்டில் அது கொஞ்ச நாள் ஹாலில் இருந்தது. அப்புறம் மாடிப்படி. அப்புறம் அரிசி மூட்டைக்குப் பின்னால். "அங்கதான்டா ஈரம் படாம இருக்கும்" என்றாள் அக்கா. (நான் அதை நம்பினேன். அந்த வயதில் நான் எதையும் நம்புவேன்.)

இப்படி இருக்கும்போதுதான் அக்கா மகள் இலக்கியா பெரியவளானாள். திண்டிவனத்தில் மண்டபம் எடுத்து மஞ்சள் நீராட்டு விழா நடத்துவது என்று முடிவானது. எங்கள் பக்கம் இந்த விழாவுக்குத் தாய்மாமன்தான் கதாநாயகன். மாமன் சீர் மண்டபத்துக்குள் வர வேண்டும், மாமன் கொண்டுவந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். அதுவரை வந்தவர்கள் அத்தனை பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இலக்கியாவுக்கு இருந்த ஒரே தாய்மாமன் நான்.

அக்கா புகுந்த வீட்டின் மூத்த மருமகளுக்கு அண்ணன் தம்பிகள் ஒரு பட்டாளமே உண்டு. அவள் மகளுக்கு இதே விழா நடந்தபோது அவர்கள் குதிரை வண்டி, செண்டை மேளம், மினி லாரி நிறையத் தட்டுகள் என்று வந்து ஊரையே ஒரு கலக்கு கலக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து அக்காவின் மாமியார் ரொம்பச் சாதாரணமாக ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். அக்கா போனில் சொன்னாள்.

"உன் தம்பி சீர பஸ்ல எடுத்தாருவானா, ரயில்லயான்னு கேக்குறாங்கடா."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? அடுப்புல பாலு பொங்குதுன்னு உள்ள போய்ட்டேன்."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"தட்டு எத்தினின்றது எனக்கு முக்கியமில்ல குமாரு. யாரு சீர் வந்தாலும் அந்தம்மா சேர்ல உக்காந்துக்கினே தலைய ஆட்டுவாங்க. பெரியவ வீட்டு சீருக்கு மட்டும் எழுந்து நின்னாங்க. நீ வர்றப்பவும் எழுந்திருக்கணும். எனக்கு அது போதும்டா."

என் அக்கா என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. நான் பரீட்சையில் கோட்டைவிட்டபோது அப்பாவிடம் எனக்காகப் பேசியவள் அவள். "எழுந்திருப்பாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

குதிரை வண்டிக்கும் செண்டை மேளத்துக்கும் எனக்கு வசதி கிடையாது. என் கையில் இருந்தது ஒரே ஒரு வித்தை. யோசித்துக்கொண்டே பக்கத்து ஊரான காணைக்குப் போனேன். அங்கே என் நண்பன் ஏழுமலையிடம் ஒரு டிராக்டரும், கரும்பு ஏற்றுகிற நீளமான டிரைலரும் இருந்தன. கரும்பு வெட்டு முடிந்து டிரைலர் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"ஏழுமல, உன் டிரைலர நான் கப்பலாக்கப் போறேன்."

"ஆக்கிக்க. திரும்ப டிரைலராக்கிக் குடுத்துடணும்" என்றான். நண்பன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் தெர்மாகோலில் ஒரு படகு செய்து, முன்னால் அன்னப்பறவைத் தலையை வைத்து, ஜிகினா ஒட்டி முடித்திருப்பார்கள். நான் சரித்திரத்துக்குத் துரோகம் செய்ய மாட்டேன். பக்கத்துப் புதுச்சேரியை ஆண்டவர்களுடைய பழைய போர்க்கப்பல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். (பெயர் வேண்டாம், எனக்கே இன்னும் சரியாக வாயில் நுழையவில்லை.) மற்ற கப்பல்களுக்குப் பக்கச் சுவர் நேராக மேலே ஏறும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கப்பல்கள் அப்படி அல்ல. தண்ணீர் மட்டத்தில் குடம் போல வயிறு தள்ளி, மேலே போகப் போக உள்வாங்கி, மேல்தளம் ஒடுங்கிவிடும். மூக்கும் அப்படித்தான். மேலே பின்வாங்கி, கீழே எதிரிக் கப்பலை முட்டுவதற்காக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வரைவதற்கு அதைவிட அழகான உடம்பை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மூங்கிலைக் கட்டி எலும்புக்கூடு போட்டோம். அதன் மேல் மெல்லிய பிளைவுட், வளைவு வருகிற இடத்தில் துணி. பீரங்கிக்குத் தண்ணீர்க் குழாய்கள். தகடுகளின் விளிம்பு, வட்ட ஜன்னல்கள், நங்கூரம் எல்லாவற்றையும் ஆளுயரத்துக்குக் கையாலேயே வரைந்தேன். ஆணிகளுக்கு ஒரு அச்சு வெட்டி வைத்து அடித்துவிடலாமே என்று ஏழுமலை யோசனை சொன்னான். அரை நாள் அவனோடு பேசவில்லை.

அப்புறம் வண்ணம். முதல் உலகப் போர் சமயத்தில் கப்பல்களுக்கு ஒரு விசித்திரமான வேஷம் போட்டார்கள். கறுப்பும் வெள்ளையும் நீலமுமாகக் குறுக்கே நெடுக்கே பட்டை அடித்துவிடுவது. கப்பலை மறைப்பதற்கு அல்ல, அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எதிரியைக் குழப்புவதற்கு. அதிலும் வலது பக்கம் ஒரு கோலம், இடது பக்கம் முற்றிலும் வேறு கோலம். என் கப்பல் அதற்குச் சற்று முந்தையது. அதற்கு இந்த வேஷம் உண்மையிலேயே போட்டார்களா என்பதற்கு என்னிடம் புகைப்படம் இல்லை. ரொம்ப வேதனைப்பட்டேன். போர்க்காலம், அவசரத்தில் யாராவது அடித்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வலது பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கோணல் பட்டைகளும் இடது பக்கத்துக்கு நீலமும் பச்சையுமாக வளைவுகளும் அடித்தேன்.

ஏழுமலை ஒரு பக்கம் பார்த்தான். சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் பார்த்தான்.

"இன்னாபா, பாதியில பெயிண்ட்டு தீந்துபோச்சா?"

"அப்படித்தான் இருக்கணும். எங்க போவுதுன்னே எதிரிக்குத் தெரியக் கூடாது."

"இம்மாம் பெயிண்ட்டு எதுக்கு? எங்க மச்சான் தெனம் சாயங்காலம் எங்க போறான்னு இன்னிக்கி வரைக்கும் யாருக்கும் தெரியல. அவன் வெள்ளச் சட்டதான் போட்டுக்கினு போறான்."

எனக்கு இன்னொரு உறுத்தல். போர்க்கப்பலை டிராக்டர் இழுத்ததாகச் சரித்திரத்தில் எங்குமே இல்லை. அதனால் டிராக்டரையே நீலத் துணியால் மூடி, மேலே வெள்ளை அலைகளை வரைந்து கடலாக்கிவிட்டேன். ஏழுமலையின் கண்ணுக்கு நேராக மட்டும் ஒரு கிழிசல்.

"இதுல பாத்தா நடு ரோட்டுக் கோடு ஒண்ணுதான்டா தெரியுது. பேஜாரு ஆயிடப் போவுது."

"கோட்டப் பாத்துக்கினே வா. திரும்ப வேண்டிய எடத்துல நான் மேலேர்ந்து சொல்றேன்."

மண்டப கேட்டின் அகலத்தையும் நான் விட்டுவைக்கவில்லை. அத்தானிடம் டிராக்டரில் வருகிறோம் என்று மட்டும் சொல்லி, டேப் பிடித்து அளக்கச் சொன்னேன். அவர் சொன்ன அளவை என் வரைபடத்தில் மேல்தளத்தின் அகலத்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தாராளமாகக் கை நுழைகிற இடைவெளி இருந்தது. "டிராயிங் தெரிஞ்சவன் வேலைன்னா இப்படித்தான் இருக்கும்" என்று ஏழுமலையிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மேல்தளத்தின் அகலம். நான் அளந்தது மேல்தளத்தை. குடத்தின் வாயை அளந்துவிட்டு, குடம் நுழைந்துவிடும் என்று முடிவு கட்டிய உலகத்தின் முதல் டிராப்ட்ஸ்மேன் நானாகத்தான் இருப்பேன்.

விழாவன்று காலையிலேயே கப்பலைக் கழற்றித் துண்டு துண்டாகத் திண்டிவனம் கொண்டுபோனோம். ஊர் எல்லையில் ஒரு காலி மனையில் வைத்து மறுபடி பொருத்தினோம். ஏற்றி இறக்கியதில் முன்பக்கம் வலது புறத்தில் சில ஆணிகள் உரிந்திருந்தன. நான் விடுவேனா? பட்டு வேட்டி சட்டையோடு கறுப்பு டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"டேய், பத்தரையோட நல்ல நேரம் முடியுதுடா! ஆணிய யாரு எண்ணப் போறா?" என்று அம்மா கத்தினாள்.

"எண்ணுவாங்கம்மா" என்றேன். வெள்ளைக்காரரைப் பற்றி அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஒருவழியாகச் சொந்தபந்தம் எல்லாம் ஏணி வைத்து ஏறியது. சீர்த் தட்டுகள் மேல்தளத்தில் வரிசையாக உட்கார்ந்தன. பீரங்கிக் கூண்டுக்குள் பலாப்பழம். கொடிமரத்தில் ஒரு தார் பூவன் பழம். பெரியம்மா பீரங்கிக்கு முன்னால் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து (வெடிக்காது பெரியம்மா, தண்ணிக் குழாய்தான் என்று சத்தியம் செய்தேன்) புகைபோக்கிக்குப் பின்னால் இடம் மாறிக்கொண்டார். நான் எல்லாவற்றுக்கும் மேலே, கேப்டன் நிற்கிற கூண்டில் நின்றேன். முன்னால் பம்பையும் மேளமும் முழங்க, கப்பல் புறப்பட்டது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்குத் திண்டிவனம் எங்களைப் பார்த்தது போல என் வாழ்க்கையில் யாரும் எதையும் பார்த்து நான் கண்டதில்லை. டீக்கடையில் கிளாசைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்தார்கள். டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகள் எல்லாரும் பார்த்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். மாடியில் வடாம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏங்க, வெளிய வாங்க, கப்பலு போவுதுங்க!" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டது என் காதிலேயே விழுந்தது. எனக்கு மார்பு விம்மியது. இத்தனை வருடம் சாயந்திரம் சாயந்திரமாக லென்ஸ் வைத்துப் பார்த்ததெல்லாம் இந்த ஒரு தெருவுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் மாமியார் எழுந்திருக்க மாட்டாரா என்ன? எழுந்து நின்று கும்பிடுவார்!

மண்டபம் வலது கைப் பக்கம் வந்தது. கேட்டுக்கு வெளியே ஆரத்தித் தட்டோடு பெண்கள், மாலையோடு அத்தான், அவர் பக்கத்து ஆண்கள். உள்ளே, முற்றத்தில், நாற்காலியில் மாமியார். அவர் பக்கத்தில் அக்கா.

"ரைட்ல திருப்பு!" என்று கத்தினேன்.

பம்பைக்காரர்கள் மண்டபத்தைப் பார்த்ததும் உற்சாகத்தில் வெளுத்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள். ஏழுமலை கடலுக்கு அடியில் நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தான். "ரைட்டு! ரைட்டு!" என்று நான் கத்தியது அவன் காதில் விழுந்ததாம். நம் ஊரில் ரைட்டு ரைட்டு என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம் என்று பிறகு கேட்டான். நான் கைகால்களை ஆட்டிக்கொண்டு நிற்க, கப்பல் தன் கறுப்பு வெள்ளைப் பக்கத்தைக் கம்பீரமாகக் காட்டியபடி மண்டபத்தைத் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். கப்பல் என்றதுமே அவளுக்கு என் நினைப்புதான் வந்திருக்கிறது. உலகத்தில் வேறு எந்தக் கிறுக்கன் கப்பலில் வருவான்? ஆனால் கேட் இடைவெளியில் பட்டைகள்தான் தெரிந்தன, ஆள் முகம் தெரியவில்லை. அது நிற்காமல் போனதும், அப்பாடா, நம்ம தம்பி இல்லை என்று மூச்சு விட்டிருக்கிறாள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ பெரிய எடம் போலக்கீது. கப்பல்ல போறாங்க பாரு" என்றாராம். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "உன் தம்பி எங்க வந்துக்கினு இருக்கானாம்?" என்று கேட்டாராம். அக்கா தலையைக் குனிந்துகொண்டாளாம்.

நாங்கள் அதே ரோட்டில் அடுத்த கல்யாண மண்டபத்து வாசலில் போய்த்தான் நின்றோம். அங்கே பன்னீர் தெளிக்கக் காத்திருந்தவர்கள் யார் என்ன என்று கேட்காமல் எங்கள் எல்லார் மேலும் தெளித்துவிட்டார்கள். "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டதற்குப் பெரியம்மா, "மாமன் வூடு" என்றார். கப்பலைத் திருப்புவதற்குள் நல்ல நேரத்தில் பாதி போய்விட்டது.

இந்த முறை நான் ஏழுமலையின் முகத்துக்கு முன்னால் இருந்த கடலைக் கிழித்துவிட்டேன். மண்டபம் இப்போது இடது பக்கம். நீலமும் பச்சையுமான பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்து, கேட்டுக்கு நேராகத் திரும்பினோம். டிராக்டர் உள்ளே போனது. கப்பலின் மூக்கு உள்ளே போனது. மேல்தளத்தில் இருந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். நான் கணக்குப் போட்ட அதே இடைவெளி, கை நுழைகிற அளவு, அச்சாக இருந்தது. பெருமையாகச் சிரித்தேன். அப்போது கீழே மடமடவென்று மூங்கில் நெரிகிற சத்தம் கேட்டது. கப்பல் நின்றது.

வயிறு மாட்டிக்கொண்டது. ஏழுமலை முன்னால் இழுத்துப் பார்த்தான், பின்னால் தள்ளிப் பார்த்தான். மூங்கில் கேட் தூண்களைக் கவ்விக்கொண்டு அசையவில்லை. எங்களை வரவேற்க வெளியே வந்திருந்த அத்தானும் மற்ற ஆண்களும் வெளியிலேயே அடைபட்டார்கள். பந்திக்கு ஐஸ்கிரீம் கொண்டுவந்த வண்டி கப்பலுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மண்டப மேனேஜர் ஓடி வந்து, "கப்பல் வர்றதுன்னா புக் பண்ணும்போதே சொல்ல வேணாமாங்க?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அறுத்துட்டுமா?" ஏழுமலை கரும்பு வெட்டுகிற கத்தியை எடுத்துவிட்டான்.

நான் அந்த வளைவைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன். அவள் முற்றத்தில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பஸ்ஸிலேயே வந்திருக்கலாம் என்று அந்த நொடியில் தோன்றியது. அழுகை வரும் போல இருந்தது. "அறுத்துடு ஏழுமல" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா கப்பலின் மூக்குப் பக்கம் போய்விட்டாள். அந்த இடம் மட்டும் கேட்டுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பட்டுப் புடவைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே குனிந்தாள்.

"சம்பந்தியம்மா! நல்ல நேரம் போயிக்கினு இருக்குது. பொடவத் தட்ட தரையில வெக்கக் கூடாது. ஜல்தியா வந்து வாங்கிக்குங்க!"

உள்ளே வேறு யார் இருக்கிறார்கள்? ஆண்கள் எல்லாம் வெளியே. தாய்மாமன் வீட்டுப் புடவைத் தட்டை அந்த வீட்டுப் பெரியவர்தான் வாங்க வேண்டும், அது முறை. மாமியார் ஒரு கணம் அப்படியே பார்த்தார். அப்புறம் எழுந்தார். மேலே கை எட்டவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு சமையல்காரர் கப்பலுக்கு அடியில் இழுத்துப் போட, அக்கா கையைப் பிடித்துக்கொள்ள, அவர் அந்த நாற்காலியின் மேலேயே ஏறி நின்று, இரண்டு கைகளையும் தூக்கிப் புடவைத் தட்டை வாங்கினார்.

அதோடு முடியவில்லை. அடுத்து மாலை, அடுத்து தேங்காய், அடுத்து பழம் என்று தட்டு வந்துகொண்டே இருந்தது. மூத்த மருமகள், சமையல்காரர்கள், விருந்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் வரிசையில் நின்று கை மாற்றினார்கள். முதல் ஆள் மாமியார். இறங்கச் சொன்னாலும் இறங்கவில்லை. "மெதுவா குடுங்கம்மா, நான் இங்கதான இருக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். பலாப்பழத்தை மட்டும் சமையல்காரர்களிடம் விட்டுவிட்டார். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மேலே என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வாயில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியாக நான் இறங்க வேண்டும். கப்பல் கேப்டனுக்கு ஏற்ற மாதிரி குதித்து இறங்கலாம் என்று நினைத்தேன். வேட்டி ஒரு மூங்கில் முனையில் மாட்டியது. முன்பக்கம் வலது புறமாக, காலையில் நான் ஆசை ஆசையாக வரைந்த ஆணிகளின் மேலேயே சறுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் வேட்டியில் கறுப்பு ஆணிகள் வரிசையாக, இடைவெளி பிசகாமல் பதிந்திருந்தன. மாற்று வேட்டி கிடையாது. இலக்கியாவுக்கு நான் மாலை போடுகிற எல்லாப் படங்களிலும் என் வேட்டியில் ஒரு போர்க்கப்பலின் முன்பகுதி இருக்கிறது. ஆல்பம் பார்க்கிறவர்கள் அது என்ன டிசைன், எந்தக் கடை என்று கேட்கிறார்கள்.

மணையில் உட்கார்ந்திருந்த இலக்கியாவிடம் குனிந்து, "மன்னிச்சிடு பாப்பா, மாமா சொதப்பிட்டேன்" என்றேன்.

"போ மாமா. எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருப்பாங்களேன்னு நேத்து முழுக்க பயந்துக்கினு இருந்தேன். ஒருத்தரும் இங்க இல்ல பாரு, எல்லாம் கப்பலாண்டதான் நிக்கிறாங்க" என்றாள் அவள். அன்றைக்கு நான் வாங்கிய பாராட்டுகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

பந்தி முடிந்த பிறகு ஏழுமலை வயிற்றை அறுத்துக் கேட்டைத் திறந்துவிட்டான். அதற்கு முன் யாரோ எடுத்த புகைப்படத்தைக் குழுவில் போட்டேன். கேட்டில் மாட்டிய கப்பலையோ, அதன் மேல் தொங்கிய வாழைத்தாரையோ, நாற்காலி மேல் நின்ற மாமியாரையோ பற்றி வெள்ளைக்காரப் பெரியவர் எதுவுமே கேட்கவில்லை. "நங்கூர ஓட்டை சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மற்றபடி உடற்பகுதி மிகச் சரி" என்று எழுதியிருந்தார். மிகச் சரி! இத்தனை வருடத்தில் அவர் அந்த வார்த்தையை எழுதியது அதுதான் முதல் தடவை.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. அன்று மண்டபத்துக்குள் இருந்தவர்கள் முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளைக் கப்பல். அது நிற்காமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்தது நீலமும் பச்சையுமான கப்பல். அது கேட்டில் மாட்டியது. அக்காவின் மாமியார் இதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இப்போது அவர் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், கடைசியில் இதைச் சொல்லாமல் வருவதில்லை.

"எங்க சின்ன மருமவ வூட்ல சீர ரெண்டு கப்பல்ல எடுத்தாந்தாங்க. ஒண்ணு கேட்டுல நொழையல. இன்னொண்ண நிறுத்த எடமில்லாம திருப்பி அனுப்பிட்டோம். நானே சேர் மேல ஏறி நின்னு வாங்கினேன்னா பாத்துக்க."

முதல் முறை இதைக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க அத்தை, ஒரே கப்பல்தான். இந்த வண்ணத்துல என்னன்னா, வலது பக்கமும் எடது பக்கமும்..." என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் அக்கா என் காலை ஒரு மிதி மிதித்தாள். வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "கம்முனு இரு. ஒரு ஆணி கூடக் கொறையாம வரையுற, இந்த ஒண்ணுல மட்டும் விட்டுக்குடுத்தா கொறஞ்சா பூடுவ?"

இதெல்லாம் நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன மாதம் இலக்கியாவின் நிச்சயதார்த்தம். புது சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்க, மாமியார் ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பி, "நெஜமாவே ரெண்டு கப்பலாங்க?" என்று கேட்டார். கூடம் முழுக்க என்னையே பார்த்தது. எதிரில் அக்கா, தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாங்க, ரெண்டுதான்" என்றேன். "திருப்பி அனுப்பினோம் பாருங்க, அது இதவிட இன்னும் நல்லா இருந்துச்சு."